காயம் கதவா, அபாய மணியா? நாற்று நுனி கிள்ளுவது பற்றி ஒரு திருத்தம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்றைய எபிசோடை ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சில வாரங்களுக்கு முன்னால் செடிகளின் நோய் எதிர்ப்பு பற்றிப் பேசினேன் இல்லையா, அதில் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "செடிக்குச் சின்னக் காயம் பட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, அது உஷாராகிவிடும். நாற்று நுனியைக் கிள்ளி நடுகிறார்களே, அதுகூட ஒரு வகையில் தடுப்பூசி மாதிரிதான்" என்று சொன்னேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே பிடித்திருந்தது. இப்போ அதைத் திரும்ப வாங்கிக்கணும்.

போன வாரம் ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. மன்னார்குடி பக்கம். மூன்று ஏக்கர் சம்பா. ரகம் பிபிடி 5204, நம்ம ஊரில் ஆந்திரா பொன்னி என்று சொல்வோமே, அது. நாற்று தயார், நாலு நாளில் நடவு. அவங்க பேசினது இது: "தம்பி, நுனி கிள்ளினா நல்லதுன்னு சொன்னீங்க. போன வருஷமும் கிள்ளித்தான் நட்டோம். நட்டு இருபது நாள்ல அங்கங்க நாத்து வாடி செத்துப்போச்சு. குருத்துப்பூச்சின்னு மருந்து அடிச்சோம், கேக்கலை. இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிக் கிள்ளச் சொல்லவா? ஆனா எங்க வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸைக் காட்டி, கிள்ளவே கூடாதுன்னு போட்டிருக்குங்கறாரு. எது சரி?"

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று ஏக்கர் நடவுக்கு ஆள்கூலி என்ன ஆகும் என்று தெரியும். என்னுடைய ஒரு வாக்கியத்தை நம்பி ஒருத்தர் இன்னும் கீழே இறக்கிக் கிள்ளப் போகிறார்.

அவங்க வீட்டுக்காரர் காட்டிய நோட்டீஸும் சரி, கிள்ளச் சொல்லும் நோட்டீஸும் சரி. இரண்டுமே உண்மையான பரிந்துரைதான். குருத்துப்பூச்சி பற்றிய பக்கத்தைப் பார்த்தால் "நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அகற்றவும்" என்று இருக்கும். காரணம், மஞ்சள் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி இலையின் நுனிப் பக்கத்தில்தான் முட்டை வைக்கும். குவியலாக இருக்கும், மேலே வெளிர் பழுப்பில் ரோமம் மூடியிருக்கும், பஞ்சுத் துணுக்கு ஒட்டின மாதிரி. நுனியை எடுத்துவிட்டால் முட்டை நடவு வயலுக்குப் போகாது. இன்னொரு பக்கம், பாக்டீரியா இலைக்கருகல் பற்றிய பரிந்துரையில் "நடவின்போது நுனியைக் கிள்ளுவதைத் தவிர்க்கவும்" என்று இருக்கும். அதே நாற்று, அதே நுனி. ஒன்று கிள்ளு என்கிறது, இன்னொன்று கிள்ளாதே என்கிறது. ஏன் என்று புரிய, ஒரு வெட்டு விழும்போது இலையில் என்ன நடக்கிறது என்று பார்க்கணும்.

செடிக்கு நம்மைப் போல உடம்பு முழுக்க ஓடிக் காவல் காக்கும் ரத்த அணுக்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் அரண் தோல். இலையின் மேலே மெழுகுப் பூச்சு, அதற்குக் கீழே கெட்டியான செல்சுவர். பூஞ்சைகளில் சில இதைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். பாக்டீரியாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் இலைத்துளை வேண்டும், இல்லை என்றால் காயம் வேண்டும். வைரஸ் இன்னும் மோசம், அதை யாராவது உயிருள்ள செல்லுக்குள்ளேயே கொண்டுபோய் விடணும். புகையிலை தேமல் வைரஸை ஆய்வுக்கூடத்தில் ஒரு செடிக்கு ஏற்றுவது எப்படி தெரியுமா? இலை மேல் கார்போரண்டம் தூளைத் தூவி, வைரஸ் கலந்த சாற்றை விரலால் லேசாகத் தேய்ப்பார்கள். கண்ணுக்கே தெரியாத கீறல்கள். அது போதும். பீடி, சிகரெட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளியில் பக்கக் கிளை கிள்ளாதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆக, காயம் என்றால் கதவு. இது பழைய பாடம். இதோடு நிறுத்தியிருந்தால் நானும் மாட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் காயத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. செல் உடைந்தால் உள்ளே இருந்த சரக்கு வெளியே கொட்டும். ஏ.டி.பி. என்று ஒரு பொருள், செல்லுக்குள் எரிபொருள் மாதிரி. அது செல்லுக்கு வெளியே இருக்க வேண்டிய வேலையே இல்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டிய அரிசி தெருவில் கொட்டிக் கிடந்தால், அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியுமில்லையா? அப்படித்தான். வெளியே கொட்டிய ஏ.டி.பி.யை உணர்வதற்கென்றே செடியின் செல்லில் ஒரு ஏற்பி இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2014-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். உடைந்த செல்சுவரின் துண்டுகளையும் செடி இப்படியே அடையாளம் தெரிந்துகொள்கிறது.

செய்தி பக்கத்துச் செல்லோடு நிற்பதும் இல்லை. 1972-ல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயான் என்ற விஞ்ஞானி, கிரீன் என்பவரோடு சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். கொலராடோ வண்டு ஒரு இலையைக் கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு புரதம் சேர்கிறது. அந்தப் புரதம் பூச்சியின் வயிற்றில் செரிமானத்தைத் தடுக்கும். வண்டு கடிப்பது ஒரு இலையை, தயாராவது முழுச் செடி. அந்தச் செய்தியைக் கிளப்பிவிடுவது எது என்று தேடித் தேடி, 1991-ல்தான் அவருடைய குழு பிடித்தது: சிஸ்டமின் என்ற சின்னப் புரதத் துணுக்கு, மொத்தமே 18 அமினோ அமிலம். செடியில் அப்படிப்பட்ட ஒரு ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அது போய்த் தூண்டுவது ஜாஸ்மோனிக் அமிலத்தை. காயம் பட்ட செடியின் முக்கியமான அபாய மணி அது.

இந்த மணி அடிப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். 2018-ல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் சைமன் கில்ராயின் ஆய்வுக்கூடத்தில், மசாத்சுகு டோயோட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் ஒளிரும்படி மாற்றிய ஒரு செடி. புழு வந்து இலையைக் கடிக்குது. கடித்த இடத்தில் வெளிச்சம் தோன்றி, இலைக்காம்பு வழியாக ஓடி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் மற்ற இலைகளுக்குப் போகிறது. கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். தூண்டுவது குளுட்டமேட். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி சொல்லும் அதே பொருள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த ஆராய்ச்சியில்.

சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகம். 2008. போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை, திராட்சை, ஸ்ட்ராபெரியில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும் பாருங்க, அது. காயத்தைத் தேடி வரும் பூஞ்சை என்று பெயர் வாங்கியது. அவங்க அரபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகு வகைச் செடியின் இலையைக் காயப்படுத்தி, அதில் இந்தப் பூஞ்சையை வைத்தார்கள். இலை அழுகியிருக்கணும். அழுகவில்லை. காயம் படாத இலையில்தான் பூஞ்சை நன்றாகப் பரவியது, காயம் பட்ட இலையில் அதன் வளர்ச்சி அடங்கிப் போனது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று. அந்தச் செடிக்கு கமலெக்ஸின் என்று சொந்தமாக ஒரு பூஞ்சைக்கொல்லி உண்டு. காயம் பட்டவுடனே அதைத் தயாரித்துவிடுகிறதா என்று பார்த்தால், இல்லை. காயம் மட்டும் பட்டால் கமலெக்ஸின் வருவதில்லை. காயமும் பட்டு, பூஞ்சையும் வந்தால், சாதாரணமாக வருவதைவிட வேகமாக, அதிகமாக வருகிறது. அடுப்பில் விறகை அடுக்கி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. விருந்தாளி வந்த பிறகுதான் பற்ற வைக்கும், ஆனால் உடனே பற்ற வைக்கும். அதே பல்கலைக்கழகத்தில் பின்னால் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வெட்டவே வேண்டாம், இலையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மென்மையாகத் தேய்த்தாலே இந்தப் பாதுகாப்பு கொஞ்சம் வருகிறது என்று காட்டினார்கள். ஜப்பானின் நகோயாவில் 2022-ல் வந்த ஆய்வு இன்னும் அழகு: மழைத்துளி விழுந்து இலை மேல் உள்ள மயிர் வளைந்தாலே செடி எதிர்ப்பு மரபணுக்களை இயக்க ஆரம்பிக்கிறது. நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மழையோடுதான் தெறித்து வரும், அதனால் மழையையே செடி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில்தான் "தடுப்பூசி மாதிரி" என்று சொல்லிவிட்டேன். 2008 ஆய்வின் தலைப்பிலேயே இருந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். பாதுகாப்பு சக்திவாய்ந்தது, ஆனால் தற்காலிகமானது என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். தடுப்பூசி என்பது வருஷக் கணக்கில் நினைவு வைத்திருப்பது. இது அப்படி இல்லை. உவமையே தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கு. அந்த ஆய்வில் நடப்பது எல்லாம் உயிருள்ள செல்களில். பூஞ்சை உயிருள்ள இலைச் செல்களைத் தின்ன வருகிறது, அந்தச் செல்கள்தான் விறகை அடுக்கிக் காத்திருக்கின்றன. நெல்லில் இலைக்கருகல் உண்டாக்கும் பாக்டீரியா அந்த வழியில் வருவதில்லை.

சாந்தோமோனாஸ் ஒரைசே என்பது அதன் பெயர். அது குடியிருக்கும் இடம் சைலம், வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிற குழாய். அந்தக் குழாய்கள் வேலைக்குத் தயாராகும்போது செத்துப் போன செல்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழல். சுற்றிலும் உயிருள்ள செல்கள் இருக்கு, அவை ஓரளவு போராடும், அது வேற விஷயம். ஆனால் குழலுக்குள்ளே மணியைக் கேட்க ஆளே இல்லை.

விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் சொட்டுச் சொட்டாக நிற்குமே, அது எல்லாம் பனி இல்லை. பாதி, செடியே கசியவிடும் நீர். இலை நுனியிலும் ஓரத்திலும் அதற்கென்று துளைகள் உண்டு, அவை நேராகச் சைலத்தில் போய் முடியும். இந்த பாக்டீரியா வழக்கமாக நுழைவது அந்தத் துளை வழியாகத்தான். இயற்கையிலேயே அது ஒரு சின்ன ஜன்னல். நுனியைக் கிள்ளும்போது நாம் செய்வது என்ன? ஜன்னலைச் சுவரோடு பெயர்த்து எடுத்துவிடுகிறோம். நுனியில் வந்து முடியும் குழல்கள் எல்லாம் ஒரே வெட்டில் வாய் திறந்து நிற்கும். வெயில் ஏறி இலை நீரை இழுக்கும்போது, வெட்டு வாயில் நிற்கும் ஈரத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இது என் கற்பனை இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்துக்கு இலைக்கருகல் எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிக்க 1973-லிருந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோலை பாக்டீரியா கலந்த தண்ணீரில் முக்குவார்கள். இலை நுனியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை வெட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்து, கருகல் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அவ்வளவுதான் சோதனை. உலகம் முழுக்க நெல் விஞ்ஞானிகள் இன்றைக்கும் செய்வது இதையேதான். நோயை நிச்சயமாக வரவைக்க அவர்கள் கண்ட வழி, நாம் நாற்றுக்கட்டில் செய்வதேதான். கத்தரிக்கோலுக்குப் பதில் அரிவாள், சோதனைக் குழாய்க்குப் பதில் வாய்க்கால் தண்ணீர். இதைப் படித்துவிட்டு நான் தடுப்பூசி என்று பேசினேன் பாருங்க.

சரி, அந்த அக்காவிடம் திரும்பி வருவோம். அவங்களுக்கு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டேன். "போன வருஷம் செத்த நாற்றில் நடுக்குருத்தைப் பிடிச்சு இழுத்தா கையோட வந்துச்சா அக்கா?" கொஞ்சம் யோசித்து, "இல்லப்பா, வரலை. முழு நாத்தும் வதங்கிச்சு" என்றார்கள். "இலை எப்படி இருந்துச்சு?" "சுருண்டுச்சு. ஒரு சாம்பப் பச்சையா இருந்து அப்புறம் வைக்கோல் நெறத்துக்கு வந்துச்சு."

குருத்துப்பூச்சி தண்டைக் குடைந்தால் நடுக்குருத்து மட்டும் காயும், இழுத்தால் சுலபமாக வந்துவிடும். முழு நாற்றும் சாம்பல் பச்சையாகி, இலை சுருண்டு, வாடிச் சாவது இலைக்கருகலின் நாற்றுப் பருவ வடிவம். கிரெசெக் என்று அதற்கு இந்தோனேசியாவில் வைத்த பெயரே இன்றும் எங்கும் புழங்குகிறது. நட்ட சில வாரத்துக்குள் வரும். வெட்டிய நுனி வழியாகவும், பறிக்கும்போது அறுந்த வேர் வழியாகவும் பாக்டீரியா நுழைவதால் வருவது. அடித் தண்டை விரலால் நசுக்கினால் வெட்டு வாயில் மஞ்சளாக ஒரு கசிவு வரலாம்.

போன வருஷத்து நாற்று இப்போது இல்லை, அதனால் இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அறிகுறி எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. அப்படியானால் நடந்திருப்பது என்ன? கிள்ளியதால் நாற்று செத்தது. செத்ததைப் பார்த்து குருத்துப்பூச்சி என்று நினைத்தார்கள். குருத்துப்பூச்சிக்கு மருந்து கிள்ளுவதுதானே, அதனால் இந்த வருஷம் இன்னும் அதிகமாகக் கிள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். நடுவில் நான் வேற புகுந்து கிள்ளினால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் "காயம் ஆறாதா?" என்று கேட்கலாம். ஆறும், நேரம் கொடுத்தால். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டும்போது தோல் உரியாமல் இருக்காது. அமெரிக்காவில் பெரிய அளவில் சேமிப்பவர்கள் தோண்டியதும் 29, 30 டிகிரி வெப்பத்தில், 85-லிருந்து 90 சதவீத ஈரப்பதத்தில், நாலு முதல் ஏழு நாள் வைப்பார்கள். அதற்குள் உரிந்த இடத்தில் தக்கை மாதிரி புதுத் தோல் கட்டிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் அழுகாது. விதை உருளைக்கிழங்கை வெட்டினால் உடனே மண்ணில் போடாமல் சில நாள் ஆறவிடுவதும் இதற்குத்தான். நாற்றுக்கு அந்த வசதி எங்கே இருக்கு? காலையில் பறித்து, கிள்ளி, கட்டிப் போட்டு, அன்றைக்கே சேற்றுத் தண்ணீரில் நடுகிறோம். ஆறவே விடுவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் மேலேயிருந்து மழையும் காற்றும் வேற.

ஒரு சின்ன விலகல். காயத்தின் அபாய மணியைச் செடியின் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்பதில்லை, திருடனும் கேட்கிறான். அக்ரோபாக்டீரியம் என்று மண்ணில் ஒரு பாக்டீரியா. காயம் பட்ட செடி தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது கசியவிடும் ஒரு பொருள், அசிட்டோசிரிங்கோன், அதை மோப்பம் பிடித்துத்தான் இந்த பாக்டீரியா தன் தாக்குதல் மரபணுக்களையே இயக்குகிறது. 1985-ல் தெரிய வந்த விஷயம் இது. நம்ம ஊரில் கண்ணால் பார்க்கிற உதாரணம் தென்னை. சிவப்புக் கூன்வண்டு வெட்டுக்காயத்தின் வாசனைக்கு வந்து அதில் முட்டை வைக்கும். அதனால்தான் பச்சை மட்டையை வெட்டாதே, வெட்டியே ஆகணும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி வெட்டு என்கிறார்கள். புழு மட்டையைக் குடைந்து தண்டுக்கு வருவதற்குள் மட்டை காய்ந்துவிடும். மாமரம், வேப்பமரம் என்றால் வெட்டின இடத்தைச் சுற்றிப் புது மரம் வளர்ந்து மூடும். தென்னையில் அப்படி மூடும் படலமே கிடையாது. ஏறுவதற்குக் கொத்தின படி, மரம் இருக்கும்வரை அப்படியேதான் இருக்கும், நீங்களே போய்ப் பாருங்க.

இப்போ அந்த அக்காவுக்கு நான் என்ன சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். அதே நிலைமையில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

கிள்ள வேண்டாம் என்று சொன்னேன். காரணம் மூன்றும் அவங்க பேச்சிலேயே இருந்தது. போன வருஷம் அந்த வயலில் இலைக்கருகல் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. ரகம் பிபிடி 5204. சோறு அருமை, ஆனால் இலைக்கருகலுக்கு எளிதில் விழும் ரகம். நாற்றங்காலில் இறங்கி முட்டைக் குவியலைப் பாருங்க, இருக்கிற இலையின் நுனியை மட்டும் எடுங்க, எல்லா நாற்றுக்கும் சேர்த்து அரிவாளைப் போடாதீங்க என்றேன். எடுத்ததையும் உடனே நசுக்க வேண்டியதில்லை. அந்த முட்டையில் பாதி ஏற்கெனவே குளவி ஒட்டுண்ணி ஏறியதாக இருக்கலாம். மூங்கில் கூண்டு மாதிரி ஒன்றில் போட்டு வைத்தால் குளவி வெளியே பறந்து போகும், புழு தப்பாது. நட்ட பிறகு குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் அட்டை இருக்கிறது, இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. கிள்ளாததால் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. யூரியாவைக் கொஞ்சம் அடக்கி, பிரித்துப் போடணும். தழைச்சத்து அதிகமானால் இலைக்கருகலுக்குக் கொண்டாட்டம். பாதித்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடக்கூடாது.

"வயசான நாத்து, நெட்டையா இருக்கு, கிள்ளலைன்னா தண்ணியில சாஞ்சிடுமே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இலைக்கருகல் வராத வயல், வெயில் நாள், எதிர்ப்புள்ள ரகம் என்றால் கிள்ளுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, முட்டையும் போகும். அவங்க வயலுக்கு அது பொருந்தாது. நாற்று சாய்வது ஒரு வாரத்துத் தொல்லை, நிமிர்ந்துவிடும்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனையும் சொன்னேன். பிபிடி 5204-லேயே இலைக்கருகல் எதிர்ப்பு சேர்த்த ரகம் உண்டு. ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சிசிஎம்பி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2008-ல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரி. மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சாதாரண ஒட்டு முறையில், மரபணுக் குறியீட்டைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். அதில் எக்ஸ்.ஏ. 21 என்பது மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஆளே இல்லாத அந்தக் குழலுக்கு வெளியே, பக்கத்து செல்களில் ஒரு காவல்காரரை உட்கார வைத்த மாதிரி. விதை கிடைப்பது சுலபமில்லை, ஆனால் விசாரிக்கலாம்.

கடைசியாக ஒரு சோதனை, செலவில்லாதது. நட்ட பிறகு இலை ஓரத்தில் அலை அலையாக மஞ்சள் இறங்குவதைப் பார்த்தால், காலையில் அந்த இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீரில் வெட்டு வாய் முங்கும்படி நிற்க வையுங்க. கொஞ்ச நேரத்தில் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி வெண்மையான இழை தண்ணீரில் இறங்கினால் அது பாக்டீரியா. இறங்கவில்லை என்றால் வேறு காரணம், சத்துக் குறைபாடாகக்கூட இருக்கலாம். மருந்துக் கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிட்டுப் போங்க. அந்த அக்கா போன வருஷம் அடித்த மருந்துக் காசு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவங்களே சொன்னாங்க.

நேற்று நடவு முடிந்தது என்று போட்டோ அனுப்பியிருந்தார்கள். கிள்ளாத நாற்று, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. இருபதாவது நாள் திரும்பப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன், அதையும் இங்கே சொல்கிறேன். பழைய எபிசோடின் பக்கத்தில் அந்த "தடுப்பூசி" வாக்கியத்தை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் எலுமிச்சை சொறிநோய் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். இலைத்துளைப்பான் புழு கொழுந்தில் போடும் வெள்ளிக் கோடுகளுக்கும் சொறிக்கும் என்ன சம்பந்தம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. உங்கள் மரத்துக் கொழுந்தின் போட்டோ இருந்தால் அனுப்பி வையுங்க.